குடியிருப்புப் பகுதியில் கோழி வளர்ப்பு: முதன்முறை தொடங்குவோர் அறிய வேண்டியவை

எருத்தேன்பதி (பாலக்காடு): கேரளத்தின் கிழக்கு எல்லையில், சித்தூர் வட்டத்தில் அமைந்துள்ள எருத்தேன்பதி ஊராட்சியிலும் அதனையொட்டிய தமிழ் பேசும் ஊர்களிலும் வீட்டுக்கோழி புதிதன்று. எனினும், தோட்டத்திற்குள் தனித்தனியே வீடுகள் இருந்த காலத்தில் கோழி வளர்ப்பதற்கும், சுவரோடு சுவர் சேர்ந்த ஐந்து சென்ட், பத்து சென்ட் மனைகளில் வளர்ப்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. அன்று கோழி, வளர்த்தவரின் சொந்த விவகாரமாக இருந்தது. இன்று அது தெருவின் விவகாரமாகிவிட்டது.

இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு கேரளத்திலேயே உள்ளது. பத்தனம்திட்டா மாவட்டம் அடூர் அருகேயுள்ள பள்ளிக்கல் கிராமத்தில், பக்கத்து வீட்டுச் சேவல் அதிகாலை மூன்று மணிக்கே கூவத் தொடங்குவதால் தமது உறக்கம் கெடுவதாக முதியவர் ஒருவர் அடூர் வருவாய்க் கோட்டாட்சியரிடம் முறையிட்டார். இரு தரப்பினரையும் விசாரித்து, இடத்தையும் ஆய்வு செய்த கோட்டாட்சியர், வீட்டின் மேல்தளத்தில் இருந்த கோழிக்கூண்டை 14 நாட்களுக்குள் அதே மனையின் தென்புறத்திற்கு மாற்றுமாறு 2025 பிப்ரவரியில் உத்தரவிட்டார். கோழி வளர்க்கக் கூடாது என்று அந்த உத்தரவு கூறவில்லை. எங்கே வளர்க்க வேண்டும் என்பதையே கூறியது. முதன்முறையாகக் கோழி வளர்க்க எண்ணும் எவரும் கூண்டு வாங்குவதற்கு முன்பு கவனிக்க வேண்டிய செய்தி இது.

வீட்டுக்கோழிக்கு ஏன் வரவேற்பு?

நாடு முழுவதும் 2019-இல் நடைபெற்ற 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் உள்ள மொத்தக் கோழியினப் பறவைகள் சுமார் 85.18 கோடி. இவற்றில் புறக்கடையில், அதாவது வீட்டுக் கொல்லையில் வளர்பவை சுமார் 31.7 கோடி. 2012 கணக்கெடுப்பில் சுமார் 21.7 கோடியாக இருந்த இந்த எண்ணிக்கை, ஏழு ஆண்டுகளில் ஏறத்தாழ 46 விழுக்காடு உயர்ந்துள்ளது. பெரும் பண்ணைகள் பெருகிய அதே காலத்தில் வீட்டுக்கோழிகளும் பெருகியுள்ளமை குறிப்பிடத்தக்கது.

நாமக்கல் முட்டையும் பல்லடம் பகுதியின் கறிக்கோழியும் எல்லை கடந்து கேரளத்திற்குச் செல்லும் நிலையில், எல்லையோர ஊர்களில் கடை முட்டைக்குப் பஞ்சமில்லை. ஆயினும் வீட்டுத் தேவைக்கு அன்றாடம் இரண்டு மூன்று முட்டை, சமையலறை மிச்சத்திற்கு ஒரு பயன், வாழைக்கும் தென்னைக்கும் எரு ஆகியவற்றுக்காகவே பலரும் இதில் இறங்குகின்றனர்.

உரிமம் வேண்டுமா?

கேரளத்தில் பண்ணை அளவிலான கால்நடை வளர்ப்பை, 2012-ஆம் ஆண்டின் கேரள ஊராட்சி ராஜ் (கால்நடைப் பண்ணைகளுக்கு உரிமம் வழங்கல்) விதிகள் ஒழுங்குபடுத்துகின்றன. ஐந்தாறு கோழிகளை வீட்டுத் தேவைக்கு வளர்க்கும் குடும்பம் பண்ணை என்னும் வரம்புக்குள் வருவதில்லை. ஆகவே உரிமம் குறித்து அஞ்சத் தேவையில்லை.

ஆனால் உரிமம் தேவையில்லை என்பதும், புகாருக்கு இடமில்லை என்பதும் ஒன்றல்ல. ஓசை, நாற்றம், கழிவு, ஈ ஆகியவற்றால் பிறருக்குத் தொல்லை நேர்ந்தால், ஒரே ஒரு கோழிக்கு எதிராகவும் ஊராட்சியிடமோ கோட்டாட்சியரிடமோ முறையிடலாம். அடூரில் நிகழ்ந்தது அதுவே.

பிற நாடுகளிலும் இத்தகைய வழக்குகள் உண்டு. பிரான்சின் ஒலெரோன் தீவில் 'மோரிஸ்' என்னும் சேவல் அதிகாலையில் கூவுவதை நிறுத்தக் கோரி, அங்கு ஓய்வு இல்லம் வைத்திருந்த தம்பதியர் வழக்குத் தொடுத்தனர். 2019 செப்டம்பரில் ரோஷ்ஃபோர் நீதிமன்றம் சேவலின் உரிமையாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நாட்டுப்புறத்திற்கே உரிய ஓசைகளையும் மணங்களையும் மரபுச் செல்வமாக ஏற்கும் சட்டம் 2021 ஜனவரியில் அந்நாட்டில் நிறைவேறியது. இந்தியாவில் அத்தகைய சட்டப் பாதுகாப்பு இல்லை. இங்கு அண்டை வீட்டாரின் இசைவே பாதுகாப்பு.

சேவல் தேவையா?

முட்டைக்காக மட்டும் வளர்ப்பதாயின் சேவல் தேவையில்லை. சேவல் இன்றியும் பெட்டைக்கோழி வழக்கம்போல் முட்டையிடும். அந்த முட்டை குஞ்சு பொரிக்காது என்பது மட்டுமே வேறுபாடு. வெப்பம் மிகுந்த பாலக்காட்டுச் சூழலில் இது ஒரு நன்மையும்கூட. கருவுற்ற முட்டையில், வெளியே வெப்பம் கூடும்போது கரு வளரத் தொடங்கிவிடும். கருவுறாத முட்டை அவ்வாறன்றிக் கூடுதல் நாட்கள் கெடாமல் இருக்கும்.

விடிந்த பிறகே சேவல் கூவும் என எண்ணி, கூண்டை இருட்டாக்கினால் போதும் எனச் சிலர் கருதுவதுண்டு. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறானது. சேவலின் உடலுக்குள் இயங்கும் உயிரியல் கடிகாரமே அதனைக் கூவச் செய்கிறது. மங்கிய ஒளியிலேயே தொடர்ந்து வைத்திருந்தாலும், விடியலை முன்னுணர்ந்து அது கூவுகிறது என்பதை அவர்கள் கண்டறிந்தனர். ஆகவே சேவலின் குரலை இருட்டால் அடக்க இயலாது. நெருக்கமான குடியிருப்பில் முதல் ஆண்டு பெட்டைகளை மட்டும் வளர்ப்பதே உகந்தது. முட்டையிட்ட பின் பெட்டை கொக்கரிக்கும் ஓசை பகலில் சற்று நேரம் கேட்டு அடங்கிவிடும்.

எத்தனை, எந்த இனம்?

முதன்முறை வளர்ப்போருக்கு ஐந்து அல்லது ஆறு பெட்டைகள் போதுமானவை. கோழி கூட்டமாக வாழும் பறவை என்பதால் மூன்றுக்குக் குறைவாக வளர்ப்பது நல்லதன்று.

இனத்தைப் பொறுத்து முட்டை எண்ணிக்கை மாறும். சிறுவிடை போன்ற நாட்டுக்கோழிகள் பொதுவாக ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைகள் இடும். அடை காத்துக் குஞ்சுகளை வளர்ப்பதில் இவற்றுக்கு நிகரில்லை. ஐதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் புறக்கடை வளர்ப்புக்கென உருவாக்கிய கிராமப்பிரியா, வீட்டுச் சூழலில் ஆண்டுக்கு 160 முதல் 180 முட்டைகள் வரை தரக்கூடியது. அதே நிறுவனத்தின் வனராஜா இறைச்சிக்கும் முட்டைக்கும் ஏற்றது. முட்டை எண்ணிக்கையில் கிராமப்பிரியாவை விடக் குறைவு. கேரளத்தில் மண்ணுத்தியில் உருவான கிராமஸ்ரீ, கிராமலட்சுமி ஆகியவையும் புறக்கடைக்கு உரியவை.

கிராமப்பிரியா போன்ற ஆறு கோழிகள், ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 160 முட்டை எனக் கொண்டால், மொத்தம் 960 முட்டைகள். சராசரியாக நாளொன்றுக்கு இரண்டரை முட்டை. நான்கு பேர் கொண்ட குடும்பத்திற்கு இதுவே போதும். இறகு உதிரும் காலத்தில் சில வாரங்கள் முட்டை நின்றுவிடும் என்பதையும், இரண்டாம் ஆண்டுக்குப் பின் எண்ணிக்கை படிப்படியாகக் குறையும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

குஞ்சா, வளர்ந்த கோழியா?

ஒரு நாள் வயதுக் குஞ்சு விலை குறைவு, உழைப்பு மிகுதி. முதல் வாரம் அதற்குச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பின்னர் வாரந்தோறும் ஏறத்தாழ 3 டிகிரி வீதம் குறைக்க வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் குஞ்சுகளின் நடத்தையைக் கொண்டே அறியலாம். பல்பின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்தால் குளிர். பல்பை விட்டு விலகி வாயைத் திறந்து மூச்சிரைத்தால் வெப்பம் மிகுதி. பரவலாக நின்று மேய்ந்தால் சரியான நிலை. பாலக்காட்டின் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பகலில் பல்பே தேவைப்படாமல் போகலாம்.

முதன்முறை தொடங்குவோர், ஒன்றரை முதல் இரண்டு மாத வயதுள்ள கோழிகளை வாங்குவது எளிது. கேரளத்தில் அரசு ஏற்புடன் குஞ்சுகளை இந்த வயது வரை வளர்த்து விற்கும் இடங்கள் 'எக்கர் நர்சரி' எனப்படுகின்றன. மாவட்டத்தில் மலம்புழாவில் அரசின் மண்டலக் கோழிப்பண்ணை உள்ளது. எங்கு வாங்கினாலும், எந்தெந்தத் தடுப்பூசிகள் எந்த நாளில் போடப்பட்டன என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். சந்தையில் பல ஊர்க் கோழிகளுடன் அடைபட்டிருந்தவற்றை முதல் கூட்டமாக வாங்குவதைத் தவிர்ப்பது நலம். நோய் பெரும்பாலும் அவ்வழியே வீட்டிற்குள் நுழைகிறது.

கூண்டு: குளிருக்கன்று, வெயிலுக்கு

இணையத்தில் காணப்படும் கூண்டு மாதிரிகள் பல, குளிர் நாடுகளுக்காக அமைக்கப்பட்டவை. காற்று புகாதபடி மூடப்பட்டவை. பாலக்காட்டில் அத்தகைய கூண்டு கோழிகளுக்கு உலையாகிவிடும். 2024 ஏப்ரல் இறுதியில் வெப்ப அலை வீசியபோது பாலக்காட்டில் வெப்பநிலை 41 டிகிரியைக் கடந்தது. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. மூச்சிரைப்பதன் மூலமே அது உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது.

எனவே நான்கு புறமும் கம்பி வலை, நிழலான இடம், தகரக் கூரையாயின் அதன் மேல் தென்னங்கீற்று ஆகியவை அடிப்படைத் தேவைகள். நீளவாக்கு கிழக்கு மேற்காக அமையுமாறு கூண்டை நிறுத்தினால் காலை, மாலை வெயில் உள்ளே பாய்வது குறையும். இரவு அடைய ஒரு கோழிக்கு ஏறத்தாழ இரண்டு சதுர அடியும், பகலில் உலவ அதைவிடப் பன்மடங்கு இடமும் தேவை. ஐந்து கோழிகளுக்கு ஒன்று வீதம், சுமார் ஓர் அடி அகல நீளமுள்ள முட்டைப் பெட்டி போதும். உறங்குவதற்கு, கோழியொன்றுக்கு அரை அடிக்குக் குறையாத நீளத்தில் குறுக்குக் கொம்பு அமைக்க வேண்டும்.

கீரி, மரநாய், பெருச்சாளி, பாம்பு, தெருநாய் ஆகியவை இரவுப் பகைவர்கள். பருந்தும் காகமும் பகற்பகைவர்கள். அகலக் கண்ணியுள்ள கோழி வலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றிக் கீரியை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணியுள்ள வெல்டு கம்பி வலையை, அடியில் அரை அடி ஆழத்திற்குப் புதைத்து அமைப்பதே பாதுகாப்பு.

நாற்றம் எழுவது ஏன்?

முட்டையிடும் கோழியொன்று நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் ஈர எச்சம் இடும். ஆறு கோழிகளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோவுக்கு மேல். மாதத்திற்கு 18 கிலோ. எச்சம் உலர்ந்திருக்கும்வரை நாற்றம் குறைவு. ஈரமாகும்போது அதிலுள்ள நைட்ரஜன் சிதைந்து அம்மோனியா வளியாக வெளியேறுகிறது. ஈக்களும் அதில் முட்டையிடுகின்றன. ஆகவே நாற்றத்தைத் தடுப்பது என்பது ஈரத்தைத் தடுப்பதே.

உமி, மரத்தூள், உலர்ந்த தென்னைநார்க் கழிவு, நிலக்கடலைத் தோல் ஆகியவற்றுள் எளிதில் கிடைப்பதை மூன்று அங்குலத்திற்குக் குறையாமல் பரப்பி, வாரத்திற்கு இருமுறை கிளறிவிட வேண்டும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நனைந்த பகுதியை அன்றன்றே அகற்ற வேண்டும். கையில் எடுத்துப் பிடித்தால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சாரல் உள்ளே அடிக்காதபடி படுதா கட்டுவது அவசியம்.

புது எச்சத்தை நேரடியாகச் செடிக்கு இட்டால் வேர் கருகும். இலைச்சருகுடன் சேர்த்து இரண்டு மூன்று மாதம் மட்கவைத்த பின்னரே இட வேண்டும். கூண்டும் எருக்குழியும் அண்டை வீட்டுச் சமையலறை, படுக்கையறைச் சன்னல்களுக்கு எதிரே அமையாதிருப்பதும், கிணற்றிலிருந்து விலகியிருப்பதும் இன்றியமையாதவை.

தடுப்பூசி: பெயரில் வரும் குழப்பம்

வீட்டுக்கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் நோய்களில் முதன்மையானது இராணிக்கேட். தமிழ்நாட்டில் இதனை வெள்ளைக்கழிச்சல் அல்லது கோழிக்கழிச்சல் என்பர். கேரளத்தின் கால்நடை மருத்துவமனைகளில் இதே நோய் மலையாளத்தில் 'கோழிவசந்த' என வழங்குகிறது. கோழி அம்மைக்கு அங்கு 'கோழிவசூரி' என்று பெயர். ஓசையில் நெருங்கிய இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள், தடுப்பூசிகளும் வெவ்வேறு. ஒன்றைப் போட்டுவிட்டு மற்றொன்றும் போட்டாயிற்று எனத் தமிழ் வாசகர் எண்ணிவிட வாய்ப்புண்டு. ஆகவே மருத்துவரிடம் நோயின் பெயருடன் மருந்தின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

பொதுவான அட்டவணைப்படி, இராணிக்கேட் நோய்க்கு எதிராக 5 முதல் 7 நாட்களுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்தும், நான்காம் வாரத்தில் மீண்டும் 'லசோட்டா' மருந்தும், எட்டாம் வாரத்தையொட்டி 'ஆர்.டூ.பி' எனப்படும் ஊசியும் அளிக்கப்படுகின்றன. இடையே இரண்டாம் வாரத்தில் கம்போரோ நோய்க்கான மருந்தும், ஆறு ஏழு வாரங்களில் அம்மைத் தடுப்பூசியும் இடம்பெறும். உள்ளூர் நிலைமைக்கேற்ப மருத்துவர் இதனை மாற்றக்கூடும். இராணிக்கேட் வந்தபின் குணப்படுத்தும் மருந்து இல்லை.

சிறு வளர்ப்பாளருக்கு இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. தடுப்பு மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிகளுக்கு அல்லது அதற்கும் மேற்பட்டவற்றுக்கு உரிய அளவில் வருகிறது. பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்து, கரைத்த சில மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஆறு கோழிகளுக்காக ஒரு குப்பியை உடைப்பது வீண். தெருவில் கோழி வளர்க்கும் வீடுகள் ஒரே நாளைக் குறித்துக்கொண்டு சேர்ந்து போட்டால், ஒரு குப்பி எல்லார்க்கும் போதும்; தடுப்பூசி போடாத கோழியிடமிருந்து பிற வீட்டுக்கோழிகளுக்கு நோய் பரவும் வழியும் அடைபடும். எல்லைக்கு அப்பால் தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களை இலவசமாக நடத்துவதும் இதே அடிப்படையில்தான்.

அலுவலகத்திற்குத் தமிழில் எழுத இயலுமா என்னும் ஐயமும் எல்லையோர மக்களுக்கு எழுவதுண்டு. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகங்களுடன் தமிழிலும் கன்னடத்திலும் கடிதத் தொடர்பு கொள்ள, 1969-ஆம் ஆண்டின் கேரள அலுவல் மொழிச் சட்டம் வழிசெய்கிறது.

பறவைக்காய்ச்சல்: மறைப்பதால் வரும் கேடு

மலையாளத்தில் 'பட்சிப்பனி' எனப்படும் பறவைக்காய்ச்சல், கேரளத்தில் 2014, 2016, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் ஆலப்புழா உள்ளிட்ட பகுதிகளில் கண்டறியப்பட்டது. ஒவ்வொரு முறையும் தமிழ்நாடு தனது எல்லைச் சோதனைச் சாவடிகளில் கண்காணிப்பைத் தீவிரப்படுத்துகிறது. கோழி, முட்டை, தீவனம் ஏற்றிய வாகனங்கள் தடுக்கப்படுவதும், வாகனச் சக்கரங்களில் கிருமிநாசினி தெளிக்கப்படுவதும் எல்லையோர மக்கள் அறிந்தவையே. அக்காலங்களில் மறுபுறத்து உறவினர் வீட்டிலிருந்து கோழியோ குஞ்சோ கொண்டுவருவதைத் தவிர்க்க வேண்டும்.

நோய் உறுதியானால், மையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகள் அனைத்தும் அழிக்கப்படும்; பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பு இருக்கும். வீட்டுக்கோழி என்பதால் விலக்கு இல்லை. 2021-இல் கேரள அரசு, இரண்டு மாதத்திற்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாயும், அதற்குக் குறைந்த வயதுடையதற்கு 100 ரூபாயும் இழப்பீடாக அறிவித்தது. ஒரே நாளில் பல கோழிகள் திடீரென இறந்தால், அவற்றை அறுத்துச் சமைப்பதோ வாய்க்காலில் எறிவதோ கூடாது. கையுறையின்றித் தொடாமல், உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு வீட்டார் மறைத்தால், அதன் விலையைத் தெரு முழுவதும் கொடுக்க நேரிடும்.

தீவனமும் தண்ணீரும்

முழுவதும் அடைத்து வளர்க்கும் முட்டைக்கோழி நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை தீவனம் உண்ணும். மேய இடமுள்ள கோழிக்கு அதில் பாதி போதும். எட்டு வாரம் வரை குஞ்சுத் தீவனமும், பின்னர் வளர்கோழித் தீவனமும், முட்டையிடத் தொடங்கியதும் சுண்ணாம்புச் சத்து மிகுந்த முட்டைக்கோழித் தீவனமும் அளிக்க வேண்டும். ஓடு மெல்லியதாக வந்தால் கிளிஞ்சல் தூள் கலக்கலாம். பூசணம் பிடித்த தானியம், கடலைப் புண்ணாக்கு ஆகியவற்றில் உருவாகும் நச்சு கல்லீரலைத் தாக்கும். மனிதர் உண்ணத் தகாத கெட்ட சோறு கோழிக்கும் தகாது. தண்ணீர், உண்ணும் தீவனத்தைப் போல் இரு மடங்கு தேவை. கோடையில் மேலும் கூடும். தொட்டியை நிழலில் வைத்து இருமுறை மாற்ற வேண்டும்.

இரவில் மிஞ்சிய தீவனத்தை மூடி வைப்பது எலியைத் தடுக்கும். எலி வந்தால் அதைத் தேடிப் பாம்பு வரும் என்பதே அண்டை வீட்டாரின் முதல் அச்சம்.

தொடங்கும் முன்

சுமார் ஐந்து மாத வயதில் முதல் முட்டை வரும். அதற்கு முன்பாகவே செய்ய வேண்டிய வேலைகள் சில உள்ளன: இரு பக்கத்து வீட்டாரிடமும் நேரில் சொல்லிவிடுதல், கூண்டு நிற்கும் இடத்தை அவர்களையும் அழைத்துக் காட்டுதல், சேவல் இல்லை என்பதைத் தெளிவுபடுத்துதல், வாங்கும் குஞ்சுகளில் சேவல் கலந்திருந்தால் அது கூவத் தொடங்கும் முன் யாரிடம் கொடுப்பது என முடிவு செய்தல், ஊருக்குச் செல்லும் நாட்களில் கோழிகளைப் பார்த்துக்கொள்வது யார் எனப் பேசி வைத்தல்.

கடைசியாகக் குறிப்பிட்ட பொறுப்பைப் பெரும்பாலும் ஏற்கப்போவது அதே பக்கத்து வீட்டார்தான். முதல் வாரத்து முட்டைகளில் நான்கைந்தை அவ்வீட்டிற்குக் கொடுத்தனுப்புவது, நாட்டுப்புறத்தில் இன்றும் மறையாத வழக்கம்.